பட்டறைப் பதில்கள்: ஹெட்டை இறக்குவதற்கு முன்

கத்திரி வெயில் முடிந்த கையோடு வரும் கடிதங்களில் பாதி, இன்ஜின் ஹீட் ஆன கதைதான். இந்த முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டேன். பிரேக், கிளட்ச் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் 1998 மாருதி 800 இருக்கிறது, கார்புரேட்டர் மாடல். போன மாதம் குடும்பத்தோடு கொல்லிமலை ஏறும்போது ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. கொஞ்ச நேரத்தில் தானாகவே கீழே இறங்கிவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைத்து மேலே ஓட்டினேன். அப்புறம்தான் பானட்டிலிருந்து ஆவி வந்தது. அன்றிலிருந்து தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது, கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் மிஸ்ஸிங் அடிக்கிறது, வெள்ளைப் புகை வருகிறது, பிறகு நன்றாக ஓடுகிறது. ஒரு மெக்கானிக் “இன்ஜினே போச்சு, வேற இன்ஜின் மாத்திடலாம்” என்கிறார். இன்னொருவர் ரேடியேட்டரில் ஊற்ற ஒரு பாட்டில் மருந்து தருகிறேன் என்கிறார். யாரை நம்புவது?
— வாசகர், நாமக்கல்

பதில்: இரண்டு பேரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம் ஐயா. இருவருமே காரைச் சோதித்ததாக நீங்கள் எழுதவில்லை.

முதலில் அந்த முள் விஷயம். முள் தானாக இறங்கியதும் நிம்மதியானீர்கள் இல்லையா, ஆபத்து தொடங்கியதே அங்கேதான். ஹீட் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருக்கும்வரைதான் சரியாகச் சொல்லும். தண்ணீர் கொதித்து வெளியேறி, மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால், அதைச் சுற்றி ஆவிதான் இருக்கும். அப்போது முள் கீழே இறங்கும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும். மலை ஏறும்போது சிவப்புக்குப் போன முள், வண்டியை நிறுத்தாமலே சட்டென்று இறங்கினால் உடனே ஓரம் கட்டுங்கள்.

உங்கள் அறிகுறிகள் ஹெட் கேஸ்கெட்டைத்தான் காட்டுகின்றன. சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம் பிளாக், அதற்கு மேல் மூடி போல உட்காருவது ஹெட், இரண்டுக்கும் நடுவே கசியாமல் அடைத்து நிற்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். ராத்திரி முழுக்க நிற்கும்போது, தண்ணீர்ப் பாதையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சிலிண்டருக்குள் கசிந்து இறங்குகிறது. காலையில் அந்த சிலிண்டரின் பிளக் நனைந்திருக்கும், அதனால் மிஸ்ஸிங். அந்தத் தண்ணீர் ஆவியாகி சைலன்சர் வழியே போவதுதான் வெள்ளைப் புகை. கூலண்ட் கலந்திருந்தால் புகையில் லேசான இனிப்பு வாடை இருக்கும். மார்கழிக் குளிரில் எல்லா வண்டிக்கும் வரும் புகை வேறு, அது இன்ஜின் சூடானதும் மறைந்துவிடும், தண்ணீரும் குறையாது.

ஆனாலும் “காட்டுகிறது” என்பது போதாது. ஹெட்டில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தாலும் இதே அறிகுறிதான். எனவே வரிசையாகப் பாருங்கள், முதல் இரண்டையும் வீட்டு வாசலிலேயே பார்க்கலாம்.

காலையில் இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, தண்ணீரை நிரப்பி, மூடாமலே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு தண்ணீரைப் பாருங்கள். முதலில் ஓரிரண்டு குமிழி வருவது உள்ளே சிக்கிய காற்று, அதை விட்டுவிடலாம். ஆனால் நிற்காமல் பொடிப்பொடியாகக் குமிழி வந்து, ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது அதிகமானால், எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது என்று அர்த்தம். தண்ணீர் சூடேறிப் பொங்குவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது, மேல் ஹோஸ் பைப். மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்தில் பைப் சூடே ஆகாமல் விறைத்துக்கொண்டால் அதுவும் அதே கதைதான். தண்ணீர் சூடாகி அழுத்தம் ஏற அதற்குள் நேரம் இருக்காது, சிலிண்டர்தான் அழுத்துகிறது.

பட்டறையில் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரைப் பிடுங்கி, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் பார்த்துவிட்டு “கம்ப்ரஷனே இல்லை” என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் விழுந்திருந்தால், அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் வெந்திருக்கும். இப்படி நடுவில் மட்டும் போனால் தண்ணீர் குறையாது, ஆயில் கெடாது, பிக்கப் மட்டும் போகும். ஒரே ஒரு சிலிண்டர் குறைவாக இருந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

ஆனால் உங்கள் விஷயத்தில் கம்ப்ரஷன் மூன்றிலுமே நன்றாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. கசிவு சிறிதாக இருக்கும்போது கேஜில் தெரியாது. அதற்காக இன்னும் இரண்டு வழி இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் பம்ப் பொருத்தி, மூடி தாங்கும் அழுத்தம் அளவுக்கு ஏற்றி, ராத்திரி விட்டுவிட வேண்டும். காலையில் பிளக்குகளைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தால், கசியும் சிலிண்டரின் பிளக் ஓட்டை வழியே தண்ணீர் சிதறும். அந்த ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையும் காட்டிக்கொடுக்கும். மற்றவை கரி பிடித்துக் கறுப்பாக இருக்க, தண்ணீர் போகும் பிஸ்டன் மட்டும் ஆவியில் கழுவி பளபளவென்று இருக்கும்.

இன்னொன்று நீலத் திரவ டெஸ்ட். ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் திரவத்தை ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை அதன் வழியாக இழுப்பார்கள். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் திரவம் மஞ்சளாகும். ரேடியேட்டர் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், தண்ணீர் உள்ளே போனால் டெஸ்ட் வீண். திரவம் பழையதாக இருந்தாலும் வீண். முதலில் அதை சைலன்சர் புகையில் காட்டி நிறம் மாறுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவும் ஒரே பக்கம் சொன்னால் ஹெட்டை இறக்கலாம். இன்ஜின் மாற்றுவது பற்றி அதற்குப் பிறகு யோசித்தால் போதும். மாருதி 800-ன் ஹெட் கேஸ்கெட் சில நூறு ரூபாய்ச் சாமான்தான். கூலியும் லேத் வேலையும்தான் செலவு. ஆயில் கெடாமல் இருக்கும்போதே செய்தால் பேரிங் எல்லாம் தப்பிக்கும்.

அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் அதிகமாக இறங்கிய பிறகு செல்ஃப் அடித்தால், தண்ணீரை அமுக்க முடியாமல், பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அப்போது அந்த முதல் மெக்கானிக் சொன்னது உண்மையாகிவிடும்.

கடைசியாக, கொல்லிமலையில் ஏன் கொதித்தது என்று யாரும் கேட்கவில்லையே? நல்ல ரேடியேட்டர் மூடி சுமார் 0.9 கிலோ அழுத்தம் வரை பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில் சாதாரணத் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்து ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. அதிலும் 1,200 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். எழுபது கொண்டை ஊசி வளைவு, முதல் இரண்டு கியர், முன்னாலிருந்து காற்றும் இல்லை, ரேடியேட்டர் ஃபேனை மட்டுமே நம்பி ஏறுகிறீர்கள். ஃபேன் சுற்றியதா என்று யாராவது பார்த்தீர்களா? வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கேள்வி: என் பழைய மாருதி ஜென்னில் ஒரே வருடத்தில் இரண்டு முறை ஹெட் கேஸ்கெட் மாற்றிவிட்டேன். இப்போது மறுபடி அதே பிரச்சினை. “கம்பெனி கேஸ்கெட்டே இப்போ தரமில்ல” என்கிறார் மெக்கானிக். வேறு எங்காவது நல்ல கேஸ்கெட் கிடைக்குமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: கேஸ்கெட்டைத் திட்டாதீர்கள் அம்மா. அது அடி வாங்கிய ஆள். அடித்தவனைப் பிடிக்காமல் அடி வாங்கியவனை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் நான்காவதும் போகும்.

மெக்கானிக்கிடம் சில விஷயங்களைக் கேளுங்கள். கோபமாக இல்லாமல், காபி குடித்துக்கொண்டே கேளுங்கள்.

ஹெட்டை லேத்துக்கு அனுப்பினார்களா? ஜென்னில் ஹெட்டும் அலுமினியம், பிளாக்கும் அலுமினியம். ஒருமுறை நன்றாக ஹீட் ஆன அலுமினிய ஹெட் நேராக இருந்தால் அதிசயம்தான். ஸ்ட்ரெய்ட் எட்ஜ் எனப்படும் இரும்புப் பட்டையை ஹெட்டின் மேல் நீளவாக்கிலும், குறுக்கிலும், மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி சின்ன இன்ஜின்களுக்கு 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நுழைந்தால் ஃபேசிங் போட வேண்டும், அதாவது முகத்தை லேத்தில் சீவி நேராக்க வேண்டும். அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு, கண்ணால் பார்த்து “நேராத்தான் இருக்கு” என்று யாராலும் சொல்ல முடியாது. பிளாக்கின் மேல் முகத்தையும் அதேபோலப் பார்க்க வேண்டும். இதை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஹெட்டை மட்டும் கண்ணாடியாக ஆக்கி, கோணிய பிளாக்கின் மேல் உட்கார வைத்தால் என்ன பலன்?

ஃபேசிங் போட்டார்கள் என்றால் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் கம்ப்ரஷன் ஏறும், நாக்கிங் சத்தம் வரும். ஒரு கட்டத்துக்கு மேல் வேறு ஹெட்தான் தேட வேண்டும். லேத்திலேயே ஹெட்டைச் சூடான தண்ணீரில் வைத்து உள்ளே காற்றழுத்தம் கொடுத்து விரிசல் சோதனையும் செய்வார்கள். கோவையிலும் உங்கள் ஊரிலும் செய்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்யாமல் ஹெட்டைத் திரும்ப ஏற்றுவது லாட்டரிச் சீட்டு.

முகத்தை எப்படிச் சுத்தம் செய்தார்கள்? கிரைண்டரில் எமரி டிஸ்க்கை மாட்டிச் சுரண்டினால் அலுமினியத்தில் குழி விழும். போதாததற்கு அந்தப் பொடி ஆயிலுக்குள் இறங்கி பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் பொறுமையும்தான் இதற்கு வேண்டியது.

போல்ட் துளைகளைத் துடைத்தார்களா? இதைத்தான் நான் பட்டறைப் பையன்களிடம் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடியில் மூடிய துளைக்குள் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அது எங்கே போகும்? முறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் “முறுக்கம் வந்துவிட்டது” என்று டிக் அடிக்கும், ஆனால் ஹெட் அழுந்தியிருக்காது. சில சமயம் பிளாக்கே விண்டுவிடும். ஒரு துணியையும் காற்றையும் விட்டால் தீர்ந்துபோகிற வேலை.

அடுத்தது முறுக்கும் வரிசை. நடுவில் தொடங்கி, குறுக்காக மாறி மாறி, வெளிப்பக்கமாகப் போக வேண்டும். ஒரே மூச்சில் முறுக்கக் கூடாது. மேனுவலில் சொன்ன அளவை இரண்டு மூன்று சுற்றாகப் பிரித்து ஏற்ற வேண்டும். கழற்றும்போது நேர் எதிர், வெளிப்பக்கத்திலிருந்து உள்ளே, அதுவும் இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு. மதியம் கொண்டுபோய் விட்ட வண்டியின் ஹெட் ஒரு மணி நேரத்தில் மேஜைமேல் இருந்தது என்றால், அதைச் சூட்டோடு கழற்றியிருக்கிறார்கள். கோணியதற்குக் காரணம் அதுவேகூட இருக்கலாம். “என் கைக்கே டார்க் தெரியும்” என்று சொல்லும் மேஸ்திரிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் சக்கர நட்டை முறுக்கட்டும்.

கேஸ்கெட் மேல் அனபாண்ட் பசையோ கிரீஸோ தடவினார்களா? வேண்டாம். கம்பெனி சொல்லாத எதுவும் வேண்டாம், அது பிதுங்கி ஆயில் ஓட்டையை அடைக்கும். இன்னொரு விஷயம், பல அடுக்கு எஃகுத் தகட்டில் வரும் கேஸ்கெட்டுக்கு முகம் மிகவும் வழவழப்பாக இருக்க வேண்டும். நார் மாதிரியான பழைய வகைக்குப் போட்ட சொரசொரப்பான ஃபேசிங்கில் அதை வைத்தால் ஒழுகத்தான் செய்யும்.

இவ்வளவும் சரியாக இருந்தால் மிச்சமிருப்பது ஹீட்டின் மூலம். திருப்பூர் என்றதும் எனக்கு முதலில் தோன்றுவது போர் தண்ணீர். அந்த உப்புத் தண்ணீரை வருடக்கணக்கில் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படியும், வாட்டர் பம்ப் இறக்கை அரித்துப் பாதியாகிவிடும். நம் ஊரில் பனி உறையாது, கூலண்ட் எதற்கு என்று கேட்பார்கள். அலுமினியம் அரிக்காமல் இருப்பதற்கும், கொதிநிலை ஏறுவதற்கும்தான் கூலண்ட். கெட்டியான கூலண்டாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலக்குங்கள். கலந்தே விற்கும் வகையில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். ரேடியேட்டரின் முகத்தைக் கையால் தடவிப் பாருங்கள், எல்லா இடமும் சூடாக இருந்து நடுவில் ஒரு பட்டை மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் அடைத்திருக்கின்றன. ஃபேன் ஓடும்போது தடவாதீர்கள். இன்ஜினை அணைத்த பிறகும் அது தானாகச் சுற்ற ஆரம்பிக்கலாம், எனவே அதன் கனெக்டரைப் பிடுங்கிவிட்டுத் தொடுங்கள்.

இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். “நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையில்ல” என்று கழற்றி எறிவது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், ரிங் சீக்கிரம் தேயும். மூடியபடியே மாட்டிக்கொண்ட வால்வைக் கழற்றினால் ஹீட் குறையும்தான். அப்போது செய்ய வேண்டியது புதியதை வாங்கிப் போடுவது. பழையதைச் சந்தேகப்பட்டால் ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். அதன்மேல் அச்சடித்த சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும், பல வண்டிகளில் அது 82 டிகிரி. அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்க வேண்டாம்.

கேள்வி: ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. கேஸ்கெட் போய்விட்டதா? வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. தினமும் கடைக்கும் வீட்டுக்குமாக இரண்டு கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன்.
— வாசகர், கொடைக்கானல்

பதில்: கொடைக்கானல், இரண்டு கிலோமீட்டர். பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். குளிரில் இன்ஜினுக்குள் வேர்க்கும் ஈரம், ஆயில் நன்றாகச் சூடாகாததால் வெளியேறாமல் மூடியில் படிகிறது. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். அதில் ஆயில் தெளிவாக இருந்து, கூலண்ட் மட்டமும் குறையாமல் இருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. வாரம் ஒருமுறை வத்தலக்குண்டு வரை இறங்கி ஏறுங்கள், அந்த வெண்ணெய் போய்விடும். டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால்தான் கவலை. அப்படி வந்தால் அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: கேஸ்கெட் ஓட்டையை அடைக்கும் திரவம் என்று ஆன்லைனில் விற்கிறார்களே, உண்மையிலேயே வேலை செய்யுமா? எங்கள் ஊரில் மஞ்சள் தூள் போடுகிறார்கள்.
— வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: மஞ்சள் தூள், ரேடியேட்டரில் ஊசி முனை ஓட்டை விழுந்து நடுரோட்டில் நிற்கும்போது ஊர் போய்ச் சேர உதவும் கை வைத்தியம். வீடு வந்ததும் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் நல்ல குழாய்களையும் அடைக்கும். கேஸ்கெட்டுக்கு அது ஒன்றும் செய்யாது. எரியும் சிலிண்டரின் அழுத்தத்துக்கு முன்னால் மஞ்சள் எம்மாத்திரம்?

பாட்டில் திரவங்கள் பலவற்றில் இருப்பது சோடியம் சிலிகேட். கசிவு இருக்கும் இடத்தில் சூடு பட்டதும் கெட்டியாகி, கண்ணாடி போல இறுகும். சின்னக் கசிவில் சில வாரம், சில மாதம் ஓடியும் விடும். விற்கப்போகிற வண்டியில் ஊற்றுகிறவர்கள் உண்டு, அது அவரவர் மனசாட்சி. ஆனால் அந்தப் பொருளின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009-ல் அமெரிக்க அரசு பழைய கார்களை வாங்கிக்கொண்டு புதிய கார் வாங்க மானியம் கொடுத்தது. அந்தப் பழைய இன்ஜின்கள் மறுபடி ஓடக் கூடாது என்பதற்காக, ஆயிலை இறக்கிவிட்டு இதே சோடியம் சிலிகேட் கரைசலை ஊற்றி ஓடவிட்டார்கள். சில நிமிடங்களில் இன்ஜின் பிடித்துக்கொண்டு நின்றுவிடும். ரேடியேட்டரில் ஊற்றிய திரவம், கிழிந்த கேஸ்கெட் வழியே ஆயிலில் கலந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஆயிலில் தண்ணீர் கலந்த வண்டியில் இதை ஊற்றவே கூடாது.

கேள்வி: தாத்தாவின் அம்பாசிடர் (பழைய 1489 சிசி பெட்ரோல்) வீட்டில் நிற்கிறது. ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வெளிப்பக்கமாகத் தண்ணீர் கசிகிறது. நானே ஹெட்டை இறக்கி கேஸ்கெட் மாற்றலாம் என்று இருக்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்திருக்கிறேன், ஆனால் இன்ஜினைத் தொட்டதில்லை. முடியுமா? அப்பா சிரிக்கிறார்.
— வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகச் செய்யம்மா. அப்பாவை லைட் பிடிக்கச் சொல். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இன்ஜின் கிடைக்காது. ஹெட்டும் பிளாக்கும் இரண்டுமே வார்ப்பிரும்பு, ஒன்றாகவே விரியும், ஒன்றாகவே சுருங்கும். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால்தான் இரும்பு பிளாக்கில் அலுமினிய ஹெட் உட்கார்ந்திருக்கும் இன்ஜின்களில் கேஸ்கெட் ஒவ்வொரு முறையும் தேய்த்து இழுபடுகிறது. உனக்கு அந்தத் தொல்லை இல்லை. டைமிங் பெல்ட்டும் கிடையாது, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது.

புஷ் ராடுகளை எடுக்கும்போது எது எந்த இடம் என்று மாறாமல் இருக்க, ஒரு அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு எண் எழுதி வரிசையாகக் குத்தி வை. ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்தே பிடிக்கும். எனவே எல்லா நட்டையும் ஒரே வரிசையில், வெளியிலிருந்து உள்ளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. ஹெட் வர மறுத்தால் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதே, அந்தக் காயம் ஆறாது. மரச் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டு. பிளக்கை மட்டும் மாட்டிவிட்டு செல்ஃப் அடித்தாலும் கம்ப்ரஷனே ஹெட்டைக் கிளப்பிவிடும். தூக்கும்போது ஆள் வேண்டும், இரும்பு ஹெட் நல்ல கனம். அங்கேதான் அப்பா.

ஒரு எச்சரிக்கை. பழைய கேஸ்கெட் செம்புத் தகடுகளுக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் வைத்ததாக இருக்கலாம். அதை உலர்ந்தபடி சுரண்டாதே, கம்ப்ரஸர் காற்றால் ஊதாதே. தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகமூடி போட்டு எடு. சுரண்டியதை ஈரமாகவே பிளாஸ்டிக் பையில் கட்டு.

இரும்பு கோணாது என்று லேத்துக்குப் போகாமல் இருந்துவிடாதே, அதையும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பார். புதிய கேஸ்கெட்டில் மேல் பக்கம் எது என்று எழுதியிருக்கும். எழுதாவிட்டால் தண்ணீர், ஆயில் ஓட்டைகள் பிளாக்கோடு பொருந்துகின்றனவா என்று வைத்துப் பார்த்துவிட்டு ஏற்று. முறுக்கி முடித்து, டேப்பட் எனப்படும் வால்வு இடைவெளியைச் சரியாக வைத்து, ஓட்டிச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முறுக்கம் சரிபார்க்க வேண்டும். அந்த இரண்டாவது முறுக்குக்குப் பிறகு டேப்பட் இடைவெளி மாறியிருக்கும், திரும்பவும் வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு வால்வு சத்தம் என்று எனக்கு எழுதாதே.

இறக்கிய கூலண்டை முற்றத்தில் தேங்கவிடாதே. இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது விஷம்.

கேள்வி: பழைய இண்டிகா டீசல், டாக்ஸியாக ஓடியது. ஹெட் கேஸ்கெட் மாற்றும்போது கடையில் “எத்தனை வெட்டு?” என்று கேட்டார்கள். எனக்குப் புரியவில்லை, கிடைத்ததை வாங்கி வந்துவிட்டேன். பரவாயில்லையா?
— வாசகர், விழுப்புரம்

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது, மாட்டுவதற்கு முன்பு நிறுத்துங்கள். பல டீசல் இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் முகத்துக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்க்கும். எவ்வளவு எட்டுகிறது என்பதைப் பொறுத்து கேஸ்கெட்டின் தடிமன் மாறும். ஓரத்தில் இருக்கும் வெட்டோ ஓட்டையோ அந்தத் தடிமனுக்கான அடையாளம். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் ஹெட்டையோ வால்வையோ தட்டலாம். தடித்ததைப் போட்டால் கம்ப்ரஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆகாது. பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், அதன் வெட்டுகளை எண்ணி அதே எண்ணிக்கையில் வாங்குங்கள். பிஸ்டனோ பிளாக்கோ மாற்றியிருந்தால் டயல் கேஜ் வைத்து அளந்துதான் வாங்க வேண்டும்.

கேள்வி: நடுவழியில் ஹீட் முள் ஏறினால் உடனடியாக என்ன செய்ய வேண்டும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.
— வாசகர், தென்காசி

பதில்: ஏசியை அணையுங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்து புளோயரை வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் அது உள்ளே இருக்கும் இன்னொரு சின்ன ரேடியேட்டர். முள் படிப்படியாக இறங்கினால் மெதுவாக அடுத்த பட்டறை வரை போகலாம். இறங்காவிட்டாலோ, சட்டென்று விழுந்தாலோ, ஆவி தெரிந்தாலோ ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். பானட்டைத் திறந்து வையுங்கள், ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். அரை மணி நேரமாவது போகட்டும். மேல் ஹோஸ் பைப்பை அமுக்கினால் தளதளவென்று இருக்க வேண்டும், அப்புறம்தான் தடித்த துணி போட்டு மூடியைப் பாதி திருகி, சத்தம் அடங்கிய பிறகு முழுதாகத் திறக்கலாம். பச்சைத் தண்ணீரைச் சுடச்சுட இருக்கும் இன்ஜினுக்குள் ஊற்றினால் ஹெட் விண்டுவிடும், மேலே ஊற்றினாலும் அப்படித்தான். ஆறிய பிறகு, இன்ஜினை ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஊற்ற ஊற்றக் குமிழி நிற்காமல் வந்தால் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போக ஆளைக் கூப்பிடுங்கள்.